வாக்கு உள்ளபடி

மறையூரை அடுத்த கோவில்கடவுப் பக்கம், பாம்பாற்றுக்கு மேலே உள்ள பாறைகளில் முனியறைகள் நிற்கின்றன. கல்பலகைகளைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு பெரிய பலகையைக் கூரையாகப் போட்ட சிறு அறைகள். குனிந்து உள்ளே போய் உட்காரலாம். நிமிர்ந்து நிற்க இடம் போதாது. இவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் என்கிறார்கள் தொல்லியலாளர்கள். ஊர் வழக்கு வேறு. நாடு இழந்த பாண்டவர்கள் மறைந்திருந்த இடம் இது, ஊர்ப்பெயரே அதனால் வந்தது என்பார்கள். தொல்லியல் சொல்வதை மறுக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் ஊர் வழக்கைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி என்ற அஞ்சுநாட்டு மக்கள், மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்பவர்கள். பாரதக் கதையில் எத்தனையோ கட்டங்கள் இருக்கின்றன. குருட்சேத்திரத்தையோ பட்டாபிஷேகத்தையோ அவர்கள் தங்கள் மலையோடு சேர்த்துக்கொள்ளவில்லை. காட்டில் காத்திருந்த ஆண்டுகளைத்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டுகளில் பாண்டவர்களின் கையில் நாடும் இல்லை, படையும் இல்லை. கடவுள் கொடுத்த ஒரு வாக்கு இருந்தது. அதை அவர்கள் எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பதை வனபருவம் விரிவாகவே சொல்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுதியாகிறது. இறைவனின் வாக்கை நம்புவது என்றால், சொன்னதைச் சொன்னபடியே வைத்துக்கொள்வது. நம் ஆசையை அதில் சேர்த்து எழுதாமல், அதன் காலத்தை நம் வசதிக்குக் குறைக்காமல் வைத்துக்கொள்வது. நம்மில் பலருடைய நம்பிக்கை உடைவதற்குக் காரணம் வாக்கு பொய்த்தது அன்று. கொடுக்கப்படாத ஒன்றை வாக்கு என்று எண்ணிக்கொண்டிருந்ததுதான்.

இந்த மலையில் இருந்துகொண்டு காத்திருப்பைப் பற்றி எழுதினால் சந்தன மரமும் நீலக்குறிஞ்சியும் உடனே கைக்கு வந்துவிடும். அவற்றை நான் எடுக்கவில்லை. குறிஞ்சி 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும் என்று கணக்குச் சொல்லிவிடலாம். சந்தனத்துக்கு வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பது வனத்துறைக்குத் தெரியும். கணக்குத் தெரிந்த இடத்தில் பொறுமை இருந்தால் போதும், நம்பிக்கை தேவைப்படுவதில்லை. ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், என்றைக்கு என்று சொல்லவில்லை, அவருடைய சொல்லைத் தவிர வேறு பிணையும் இல்லை என்ற நிலையில்தான் நம்பிக்கை வேண்டியிருக்கிறது.

காம்யக வனத்துக்குக் கண்ணன் வருகிறான். திரௌபதி அவனைப் புகழ்ந்து தொடங்கினாலும், சபையில் தனக்கு நேர்ந்ததைச் சொல்லச் சொல்லக் குரல் மாறுகிறது. எனக்குக் கணவர்கள் இல்லை, மக்கள் இல்லை, உடன்பிறந்தோர் இல்லை, தந்தை இல்லை என்று அடுக்கிக்கொண்டே வந்தவள், கடைசியில், கண்ணா, நீயும் எனக்கு இல்லை என்று முடிக்கிறாள். கடவுளின் முகத்துக்கு நேரே இதைவிடக் கடுமையாக ஒரு பக்தை பேசியதாக எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பதிலாகத்தான் வாக்கு வருகிறது. வானம் விழுந்தாலும், இமயம் நொறுங்கினாலும், கடல் வற்றினாலும் என் சொல் வீணாகாது என்கிறான். உன்னை அழவைத்தவர்களின் மனைவியர் அழுவார்கள், நீ அரசர்க்கெல்லாம் அரசியாவாய் என்கிறான். நம் காலத்து மனத்துக்கு இது உறுத்தலான வாக்குதான்; அதை மென்மையாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். என்றைக்கு என்பது அதில் இல்லை. உன் பிள்ளைகள் பிழைப்பார்கள் என்பதும் இல்லை. பதின்மூன்று ஆண்டு என்பது சூதாட்ட மண்டபத்தில் மனிதர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். அந்தக் கெடு முடிந்ததும் துரியோதனன் ஊசிமுனை நிலமும் தர மறுத்தான். தேதி போட்டுக் கொடுத்த மனித வாக்கு பொய்த்தது; தேதி சொல்லாமல் கொடுத்த வாக்கு நின்றது.

கண்ணன் போன பிறகு துவைத வனத்தில் ஒரு மாலை நேரம் நடக்கும் விவாதத்தை, காத்திருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். தருமத்தைக் காப்பவனைத் தருமம் காக்கும் என்கிறார்களே, உம்மை அது காத்ததாகத் தெரியவில்லையே என்று திரௌபதி தருமனைக் கேட்கிறாள். பொம்மைகளை ஆட்டுவிப்பதுபோல் கடவுள் உயிர்களை ஆட்டி விளையாடுகிறார் என்றும் சொல்லிவிடுகிறாள். தருமன் நினைத்திருந்தால், கண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறானே, பொறுத்திரு என்று அவள் வாயை அடைத்திருக்கலாம். அதை அவன் செய்யவில்லை. பலனை எதிர்பார்த்து நான் தருமம் செய்யவில்லை, தருமத்தை வியாபாரமாகச் செய்பவன் தாழ்ந்தவன் என்று தன் நிலையைச் சொல்கிறான். அவளும் விடவில்லை. துயரத்தில் பிதற்றுகிறேன் என்று எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, மனிதன் முயன்றே ஆக வேண்டும் என்று ஒரு பாடமே நடத்துகிறாள். அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறாள். தந்தை வீட்டில் தங்கியிருந்த அந்தணர் ஒருவர் அவளுடைய சகோதரர்களுக்குக் கற்பித்ததை, தந்தையின் மடியில் உட்கார்ந்திருந்த சிறுமி காதில் வாங்கிக்கொண்டாளாம். அவள் பேசியதற்காக யாரும் அவளைச் சபிக்கவில்லை. கொடுத்த வாக்கும் திரும்பப் பெறப்படவில்லை. கேள்வி கேட்பது நம்பிக்கைக் குறைவு என்று மேடையில் சொல்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிறகு பீமன் பேசுகிறான். அவனுடைய வாதம் ரொம்பவும் மனித இயல்பானது. காட்டுக்கு வந்து பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது. வேள்வியில் சோமக்கொடி கிடைக்காதபோது பூதிகக் கொடியை மாற்றாக வைத்துக்கொள்வது உண்டே, அதுபோல ஒரு மாதத்தை ஓர் ஆண்டாக எண்ணிவிட்டுப் போருக்குக் கிளம்பலாம் என்கிறான். சாத்திரமும் கைவசம் இருக்கிறது, தோள்பலமும் இருக்கிறது. தருமன் ஒப்பவில்லை. விதைத்தவன் விளைச்சலுக்குக் காத்திருப்பதைப்போல் காத்திரு என்கிறான். காலத்தைச் சுருக்கிவிட்டால் சொல்லையே மாற்றியதாகிவிடும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் அந்த ஆண்டுகளில் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்வியை நாம் போதுமான அளவு கேட்பதில்லை. அருச்சுனன் தவம் செய்து சிவனிடம் பாசுபதம் பெற்றான். இந்திரலோகத்தில் ஐந்தாண்டு தங்கி ஆயுதங்களோடு ஆடலும் பாடலும் கற்றான். அந்த ஆடல்தான் அஞ்ஞாத வாசத்தில் அவனைப் பிருகன்னளையாக மறைத்து வைத்தது. தருமன் கற்றதோ இன்னும் வியப்பானது. பிருகதச்வ முனிவர் வந்து நளன் கதையைச் சொல்லிவிட்டு, சூதாட்டத்தின் உட்பொருளான அட்ச இருதயத்தை அவனுக்குக் கற்பிக்கிறார். எந்தப் பலவீனத்தால் நாட்டையும் மனைவியையும் தோற்றானோ, அதைக் காத்திருந்த காலத்தில் சரிசெய்துகொண்டான். விராடன் சபையில் கங்கன் என்ற பெயரில் அவன் கையில் மறுபடி காய்கள் இருந்தன. இம்முறை அவற்றை அறிந்த கை. வாக்குக் கிடைத்துவிட்டதே என்று அவர்கள் சும்மா இருந்திருந்தால், வாக்கு நிறைவேறும் நாளில் அதை வாங்கிக்கொள்ளத் தகுதியற்றவர்களாக இருந்திருப்பார்கள்.

நம் கூத்துக் கலைஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது அருச்சுனன் தபசு தனி விழா. உயரமான மரத்தை நட்டு, அதில் படிகள் வைத்திருப்பார்கள். அருச்சுன வேடம் கட்டியவர் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரத்துணியோடு காத்திருப்பார்கள். மேலேயிருந்து அவர் எறியும் எலுமிச்சையும் பூவும் மடியில் விழ வேண்டும் என்று முந்தானையை ஏந்திக்கொண்டிருப்பார்கள். பதினெட்டு நாள் போரில் வெற்றிக் கட்டங்கள் எத்தனையோ இருக்க, வேண்டுதலோடு வந்த பெண்கள் தங்கள் இடமாகத் தேர்ந்தது இந்தத் தவக் கட்டத்தை. கிடைக்காமல் காத்திருப்பவர்களின் அறிவு அதில் இருக்கிறது.

கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த மலையெங்கும் வாழ்கின்றன. அவர்களுக்குத் தெரிந்த வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வசனம். அந்த ஆண்டு முழுவதும் அது வீட்டுச் சுவரில் இருக்கும். எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம் வந்தவர்கள் பெரிதும் மகிழ்வார்கள். நல்ல முடிவு தருவேன் என்ற பொருளில் அமைந்த வசனம் அது. அந்த மகிழ்ச்சியைக் குறைக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. பாபிலோனுக்குச் சிறை போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. 11ஆம் வசனத்துக்கு முந்தைய வசனத்திலேயே எழுபது ஆண்டுகள் என்று இருக்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் அந்த நாளைப் பார்க்கப்போவதில்லை என்று அதற்குப் பொருள். இன்னும் மேலே போனால், வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கும் அந்த நகரத்தின் நலனுக்காகவே வேண்டுங்கள் என்று வேலைப் பட்டியல் இருக்கிறது. 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே ஆண்டில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்லி, எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை உடைக்கிறான். கூட்டம் யாரை விரும்பியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அனனியாவைப் பொய்யன் என்கிறது அந்த நூல். பீமன் அண்ணனிடம் கேட்ட சலுகையை அனனியா கடவுளின் பெயரிலேயே அறிவித்துவிட்டான். மார்ச்சுக்குள் கடன் தீரும், ஆண்டு முடிவதற்குள் சொந்த வீடு என்று இன்றைக்கு மேடையிலிருந்து தேதி கொடுப்பவர்கள் அவனுடைய வழியில் வந்தவர்கள். அந்தத் தேதி தாண்டும்போது உடைவது எளிய மனிதரின் நம்பிக்கை; தேதி கொடுத்தவருக்கு ஒன்றும் ஆவதில்லை.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு வரும், வர வேண்டும். காத்திருக்கச் சொல்வது ஏழையை அடக்கி வைக்கும் வேலை அல்லவா என்று கேட்பார்கள். மறையூரிலிருந்து மலையேறினால் தேயிலைத் தோட்டங்கள். தலைமுறை தலைமுறையாக லயம் என்னும் வரிசை வீடுகளின் ஒற்றை அறையில் காத்திருப்பவர்களிடம் இதைப் பேசலாமா? பேசலாம் என்றே நினைக்கிறேன், ஒரு வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொண்டால். கடவுளுக்குக் காட்டும் பொறுமை கடவுளுக்கு மட்டும் உரியது. முதலாளிக்கும் அரசுக்கும் அதை மாற்றிக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்கள், 20 சதவீதமாக இருந்த போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அன்று அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். எங்களுக்காக நீங்கள் பேச வேண்டாம் என்று தொழிற்சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் ஒன்பது நாளில் 20 சதவீதத்தை வாங்கித் தந்தது. ஞாயிறு ஆராதனைக்கும் மாரியம்மன் பொங்கலுக்கும் போகும் ஊர்ப் பெண்கள்தாம் அவர்கள். சாலையில் உட்கார்ந்ததால் அவர்களின் பக்தி குறைந்துவிட்டது என்று யார் சொல்ல முடியும்? மனிதன் கொடுத்த வாக்குக்குக் கெடு உண்டு, கணக்கு உண்டு, கேட்கும் உரிமை உண்டு. கெடு முடிந்ததும் பாண்டவர்களும் கேட்டார்கள். கடைசியில் ஐந்து ஊராவது கொடு என்று கேட்டார்கள். நாட்டைப் பற்றிய வாக்கு இருக்கிறதே என்று காட்டிலேயே தங்கிவிடவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு, பார்க்காமலே செத்துப்போனவர்களைப் பற்றியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. அங்கே நின்றுகொண்டு கடவுளின் வாக்கைப் பற்றி விளக்கம் சொல்ல எனக்கு வாயில்லை, யாருக்கும் இருக்கக் கூடாது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நம்பினவர் வீட்டின்மேல் மண் சரியாது என்று எந்த மறையும் வாக்குக் கொடுக்கவில்லை. அப்படிச் சொல்லி வைத்தவர்கள் தங்கள் சொந்த வாக்கைக் கடவுளின் பெயரில் கொடுத்தவர்கள். பாரதமே இதை மறைக்கவில்லை. போர் முடிந்த இரவில் பாசறையில் தூங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் அசுவத்தாமன் கொன்றான். வாக்கு நிறைவேறியது, அவள் அரசியானாள். அதே விடியலில் அவள் மக்களற்றவளும் ஆனாள். கண்ணன் சொன்னது ஒவ்வொரு சொல்லாக நடந்தது. அவள் மனத்தில் அதோடு சேர்த்து வைத்திருந்திருக்கக்கூடிய மற்றது நடக்கவில்லை. இந்த இடத்தில் என் வாதம் ஆறுதலாக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆறுதலுக்காக இதை மாற்றிச் சொன்னால், அடுத்த மழைக்காலத்தில் அது இன்னொரு வீட்டில் நம்பிக்கையை உடைக்கும்.

இதெல்லாம் பழைய காவியம், உண்மையில் யார் இப்படிக் காத்திருந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு வரலாற்றிலிருந்தே ஒருவரைக் காட்டலாம். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைணவத்தின் பெரிய ஆசிரியர் பிள்ளை லோகாசாரியர். சரம சுலோகத்தை, அதாவது எல்லாவற்றையும் விட்டு என்னிடம் வா, கவலைப்படாதே என்று கண்ணன் கொடுக்கும் வாக்கை, முமுட்சுப்படியில் சொல் சொல்லாகப் பிரித்து விளக்கியவர் அவர். 1323இல் தில்லி இளவரசன் உலூக்கானின் படை திருவரங்கத்துக்கு வந்தபோது, அரங்கனின் உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு தெற்கே போனவரும் அவரே. முதிர்ந்த வயதில், மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில், திரும்பி வராமலேயே காலமானார் என்கிறது குருபரம்பரை. கவலைப்படாதே என்ற வாக்குக்கு உரை எழுதியவரின் கடைசி நாட்கள் ஓட்டத்தில் கழிந்தன. தன் உரையைத் திருத்தி எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாக எந்த மரபும் சொல்லவில்லை. சீடர்கள் திருமேனியைச் சுமந்துகொண்டு போனார்கள். அழகர் மலை, கோழிக்கோடு, மேல்கோட்டை, திருமலை என்று அது ஊர் ஊராக மாறியது. 1371இல் விசயநகரத்துத் தளபதி கோபணன் அதைத் திரும்ப எழுந்தருளச் செய்தான். கிட்டத்தட்ட 48 ஆண்டுகள்.

திரும்பி வந்த பிறகு நடந்ததாகச் சொல்லப்படுவதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனி வழிபாட்டில் இருந்ததாம். வந்திருப்பது பழைய பெருமாள்தானா என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. தெரிந்தவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெருமாளின் ஆடைகளைத் துவைத்துவந்த முதிய சலவைத் தொழிலாளி ஒருவர் மட்டும் மிஞ்சியிருந்தார். இரண்டு திருமேனிகளுக்கும் நீராட்டி, ஈர ஆடையைப் பிழிந்த நீரை அவர் வாயில் விட்டுப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்று அடையாளம் சொன்னாராம். அரை நூற்றாண்டு காத்திருந்த ஊருக்கு, எதற்காகக் காத்திருந்தோம் என்பதே மறந்துபோயிருந்தது. தன் வேலையின் வழியாகத் தெரிந்து வைத்திருந்தவரிடம் மட்டும் அது மாறாமல் இருந்தது. நீண்ட காத்திருப்பின் பெரிய ஆபத்து சந்தேகம் என்று நினைக்கிறோம். மறதி அதைவிடப் பெரிய ஆபத்து. கேட்டதை மறந்துவிட்டு, வேறு எது வந்தாலும் அதுதான் என்று ஒப்புக்கொண்டுவிடுவோம்.

தேதி இல்லாத வாக்கை எப்போது சோதிப்பது, ஒருநாளும் பொய்யென்று நிரூபிக்க முடியாததை நம்புவதற்கு என்ன அர்த்தம் என்று தர்க்கம் பேசுபவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. என்றைக்கு என்று தெரியாவிட்டாலும் என்ன என்று தெரிந்தால் சோதனை உண்டு என்பது என் பதில். திரௌபதிக்குச் சொல்லப்பட்டது தெளிவானது. அரைகுறையாக ஏதோ நடந்துவிட்டு அதுதான் நிறைவேற்றம் என்று அவளிடம் சொல்லியிருக்க முடியாது. அவள் விட்டிருக்க மாட்டாள். உத்தியோக பருவத்தில் கண்ணன் சமாதானத் தூது புறப்படும்போது, ஒரு காலத்தில் பதின்மூன்று மாதமே போதும் என்ற பீமன்கூட மிதமாகப் பேசுகிறான். சகாதேவனும் சாத்தகியும் தவிர மற்ற எல்லாருக்கும் எப்படியாவது இணக்கம் வந்தால் சரி என்ற மனநிலை. திரௌபதி தன் கூந்தலை இடக்கையில் பிடித்துக்கொண்டு கண்ணன் முன்னால் வருகிறாள். சமாதானம் பேசும் இடத்திலெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொள் என்கிறாள். கண்ணன் அவளை அமைதியாக இரு என்று அடக்கவில்லை. காம்யக வனத்தில் சொன்னதை, இமயம் அசைந்தாலும் தன் சொல் பொய்க்காது என்பதை, மறுபடியும் சொல்லிவிட்டுத் தேரேறுகிறான்.